புதிய ஓட்டுநரும் திறன்–எடை விகிதமும்: சிறு மோட்டார் சைக்கிள்களுக்கான வரம்புகளின் வரலாறு

திறன்–எடை விகிதம் என்பது ஒரு வாகனத்தின் எஞ்சின் தரும் அதிகபட்சத் திறனை அவ்வாகனத்தின் எடையால் வகுத்துப் பெறும் எண்ணாகும். ஒரு கிலோ எடையை இழுக்க எவ்வளவு திறன் கிடைக்கிறது என்பதை இது காட்டுகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுபவர் எந்த வண்டியில் தொடங்கலாம் என்பதைச் சட்டத்தின் மூலம் வரையறுக்க 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பல நாடுகள் முயன்றுள்ளன. தொடக்கத்தில் எஞ்சினின் கொள்ளளவே, அதாவது சிசி அளவே, அளவுகோலாக இருந்தது. அந்த அளவுகோல் மீண்டும் மீண்டும் தோற்ற பிறகே திறனும் எடையும் சட்டத்துக்குள் வந்தன. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், இன்றைய விகித வரம்புகள் எதைக் காக்கின்றன, எதைக் காக்கவில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விகிதத்தைக் கணக்கிடும் முறை

திறன் கிலோவாட்டிலோ குதிரைத்திறனிலோ குறிக்கப்படுகிறது. ஒரு குதிரைத்திறன் ஏறக்குறைய 0.74 கிலோவாட்டுக்குச் சமம். ஒரே சிசி கொண்ட இரண்டு வண்டிகள் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சாலைகளில் நன்கு அறிமுகமான இரண்டு 100 சிசி வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம்.

1985இல் இந்தியாவில் அறிமுகமான யமஹா ஆர்எக்ஸ் 100, 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டது. அதன் திறன் 11 குதிரைத்திறன், அதாவது சுமார் 8.2 கிலோவாட். எடை 103 கிலோ. ஆகவே விகிதம் கிலோவுக்குச் சுமார் 0.080 கிலோவாட். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் 97.2 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டது. திறன் சுமார் 5.9 கிலோவாட், எடை 112 கிலோ. விகிதம் கிலோவுக்கு 0.053 கிலோவாட். சிசி கணக்கில் இரண்டும் ஒரே வகை. ஆனால் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆர்எக்ஸ் 100 சுமார் ஒன்றரை மடங்கு திறன் தருகிறது. அந்த வண்டி சிக்னலில் இருந்து பாய்ந்து கிளம்புகிறது என்று ஓட்டியவர்கள் சொல்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வண்டி தனியாக ஓடுவதில்லை. 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் ஆர்எக்ஸ் 100இன் விகிதம் 0.049 ஆகவும் ஸ்பிளெண்டரின் விகிதம் 0.033 ஆகவும் குறைகிறது. பின்னால் அதே எடையுள்ள இன்னொருவர் அமர்ந்தால் அவை முறையே 0.035, 0.024 ஆகின்றன. சிறு வண்டிகளில் மனித எடை வண்டி எடையில் பாதிக்கு மேல் இருப்பதால் இந்த வீழ்ச்சி பெரிது. 200 கிலோ வண்டியில் அதே மனிதர் ஏற்படுத்தும் மாற்றம் சிறிது. எனவே எந்த எடையால் வகுப்பது என்ற கேள்வி முக்கியமானது. எரிபொருளும் எண்ணெயும் இல்லாத உலர் எடை, அவை நிரப்பிய எடை, ஓட்டுநரையும் சேர்த்த எடை ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தரும். ஒரு வண்டியை மற்றொன்றுடன் ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே வகை எடையைப் பயன்படுத்த வேண்டும்.

பிரிட்டன்: 250 சிசி வரம்பு

1950களின் இறுதிவரை பிரிட்டனில் 16 வயது நிரம்பிய ஒருவர் பழகுநர் உரிமத்துடன் எந்தப் பெரிய மோட்டார் சைக்கிளையும் ஓட்ட முடிந்தது. 1959இல் விற்பனைக்கு வந்த 650 சிசி டிரையம்ஃப் பான்வில் போன்ற வேகமான வண்டியும் இதற்கு விலக்கல்ல. இளைஞர்களின் சாலை மரணங்கள் பொது விவாதமான நிலையில், 1961 முதல் பழகுநர்கள் 250 சிசிக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டத் தடை வந்தது.

அந்தக் காலத்து 250 சிசி வண்டி சாதுவானது என்பதே இவ்வரம்பின் அடிப்படை. எடுத்துக்காட்டாக, 1956இல் வந்த ராயல் என்ஃபீல்டு குரூசேடர் சுமார் 13 குதிரைத்திறனும் 140 கிலோ எடையும் கொண்டது. விகிதம் கிலோவுக்கு ஏறக்குறைய 0.07 கிலோவாட். ஆனால் வரம்பு வந்தவுடன் 250 சிசி என்பது ஒரு தனிச் சந்தையாக மாறியது. பழகும் இளைஞர்கள் வாங்கக்கூடிய வண்டிகளில் எது வேகமானது என்பதே உற்பத்தியாளர்களின் போட்டியாயிற்று.

1960களின் நடுவில் அதே குரூசேடரின் வழியில் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி வந்தது. பந்தய வண்டியின் தோற்றமும் சுமார் 21 குதிரைத்திறனும் கொண்ட அது பிரிட்டனின் வேகமான 250 சிசி வண்டி என்று விளம்பரம் செய்யப்பட்டது. அதன் விகிதம் சுமார் 0.11. பின்னர் ஜப்பானிய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. 1978இல் வந்த சுசூகி எக்ஸ் 7 சுமார் 29 குதிரைத்திறனும் 128 கிலோ உலர் எடையும் கொண்டது. விகிதம் 0.17ஐ ஒட்டியது. மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகம் என்பதே அதன் விற்பனை வாசகம். 1980இல் வந்த யமஹா ஆர்டி 250 எல்சி சுமார் 35 குதிரைத்திறனும் 139 கிலோ உலர் எடையும் கொண்டது. விகிதம் 0.19ஐ நெருங்கியது.

இக்காலத்தில் சட்டத்தின் எண் மாறவே இல்லை. 1961இலும் 250, 1980இலும் 250. ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்த வண்டியின் திறன்–எடை விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தது. தேர்வு எழுதாத 17 வயது இளைஞர், சிவப்பு எல் பலகையை மாட்டிக்கொண்டு மணிக்கு 160 கிலோமீட்டரை எட்டக்கூடிய வண்டியில் சட்டப்படி செல்ல முடிந்தது. கொள்ளளவு என்பது எஞ்சினின் அளவு மட்டுமே. அதிலிருந்து எவ்வளவு திறன் எடுக்கலாம் என்பதைப் பொறியியல் தீர்மானிக்கிறது. பொறியியல் வளர வளர வரம்பு பொருளிழந்தது.

1983இல் பிரிட்டன் பழகுநர் வரம்பை 125 சிசியாகக் குறைத்தது. அதோடு 9 கிலோவாட், அதாவது சுமார் 12 குதிரைத்திறன் என்ற உச்சவரம்பையும் சேர்த்தது. கொள்ளளவு மட்டும் போதாது, திறனையும் சொல்ல வேண்டும் என்ற பாடம் இதில் தெரிகிறது. 20 குதிரைத்திறனுக்கு மேல் தரவல்ல யமஹா ஆர்டி 125 எல்சி போன்ற வண்டிகள் 12 குதிரைத்திறனுக்குக் கட்டுப்படுத்தப்பட்டு விற்கப்பட்டன. கட்டுப்பாட்டை நீக்கும் உதிரிபாகங்களும் கூடவே சந்தைக்கு வந்தன. 1990 டிசம்பர் முதல், சாலையில் இறங்கும் முன் அடிப்படைப் பயிற்சி பெறுவதும் கட்டாயமாக்கப்பட்டது.

50 சிசியும் 400 சிசியும்

இதே கதை வேறு அளவுகளிலும் நடந்தது. 1971 டிசம்பரில் பிரிட்டன் 16 வயதினரை 50 சிசி மொபெட்டுக்குள் அடக்கியது. மொபெட் என்றால் மிதிகட்டை இருக்க வேண்டும் என்பதே அன்றைய வரையறை. உற்பத்தியாளர்கள் சிறிய மோட்டார் சைக்கிள் ஒன்றைச் செய்து அதில் மிதிகட்டையைப் பொருத்தினார்கள். யமஹா எஃப்எஸ் 1-இ அவற்றில் புகழ்பெற்றது. மிதிகட்டையை மிதித்து ஓட்ட யாரும் அதை வாங்கவில்லை. மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் இத்தகைய வண்டிகள் பெருகியதால், 1977இல் புதிய மொபெட்களுக்கு மணிக்கு 30 மைல் (48 கிலோமீட்டர்) வேக வரம்பு விதிக்கப்பட்டது.

மேற்கு ஜெர்மனியில் 50 சிசி வண்டிகளில் ஒரு வகைக்கு வேக வரம்பே இல்லை. கிரைட்லர் ஃப்ளோரெட் போன்ற வண்டிகள் 6.25 குதிரைத்திறன் தந்தன. அந்தச் சிறு எஞ்சினில் இவ்வளவு திறன் எடுக்க அதை மிக வேகமாகச் சுழற்ற வேண்டியிருந்தது. 1980இல் அந்நாடு இவ்வகையை மாற்றி, 80 சிசி கொள்ளளவும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேக வரம்பும் கொண்ட புதிய வகையைக் கொண்டுவந்தது. எஞ்சின் பெரிதானது, வேகம் குறைந்தது. சிசி கூடினால் ஆபத்து கூடும் என்ற எளிய எண்ணத்தை இந்த மாற்றம் தலைகீழாக்கியது.

ஜப்பானில் 1975இல் 400 சிசி ஒரு எல்லையாக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மிகக் கடினமான தனித் தேர்வு தேவைப்பட்டது. 408 சிசி கொண்ட ஹோண்டா சிபி 400 ஃபோர், உள்நாட்டுச் சந்தைக்காக 398 சிசியாகச் சுருக்கப்பட்டது. பத்து சிசி குறைந்ததால் வண்டியின் இயல்பு மாறவில்லை. உரிமத்தின் எல்லைக்குள் அது வந்துவிட்டது. 1980களில் 400 சிசிக்குள்ளேயே நான்கு சிலிண்டர் கொண்ட, பந்தய வண்டிகளைப் போன்ற மாதிரிகள் ஜப்பானில் பெருகின.

விகிதம் சட்டத்துக்குள் வருதல்

1986 ஏப்ரலில் மேற்கு ஜெர்மனி படிநிலை உரிமத்தை நடைமுறைப்படுத்தியது. இதன்படி புதிய ஓட்டுநர் முதலில் 20 கிலோவாட் (27 குதிரைத்திறன்) வரையிலான வண்டியை ஓட்டலாம். அத்துடன் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் வண்டி குறைந்தது 7 கிலோ எடை கொண்டிருக்க வேண்டும். கிலோவுக்கு 0.14 கிலோவாட் என்று இதைத் திருப்பிச் சொல்லலாம். முழு 20 கிலோவாட் வேண்டுமென்றால் வண்டி 140 கிலோவுக்குக் குறையக் கூடாது. இந்த விதியில் திறனும் எடையும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தின.

ஐரோப்பியச் சமூகம் 1991இல் வெளியிட்ட ஓட்டுநர் உரிம ஆணை இதே வழியைப் பின்பற்றியது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 25 கிலோவாட்டும் கிலோவுக்கு 0.16 கிலோவாட்டும் வரம்பாயின. 125 சிசி வண்டிகளுக்கு 11 கிலோவாட் வரம்பு கொண்ட ஏ1 என்ற வகையும் இடம்பெற்றது.

2006இல் நிறைவேறி 2013 ஜனவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த ஆணையே இன்றைய முறைக்கு அடிப்படை. அதன்படி ஏ1 வகைக்கு 125 சிசி, 11 கிலோவாட், கிலோவுக்கு 0.1 கிலோவாட் ஆகிய மூன்று வரம்புகள் உண்டு. 11 கிலோவாட் தரும் வண்டி 110 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். அடுத்த படியான ஏ2 வகைக்குச் சிசி வரம்பு கிடையாது. 35 கிலோவாட், கிலோவுக்கு 0.2 கிலோவாட் ஆகியவையே வரம்புகள். முழு 35 கிலோவாட்டுக்குக் குறைந்தது 175 கிலோ எடை வேண்டும்.

ஏ2 வகையில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. திறன் குறைக்கப்பட்ட வண்டியின் மூல வடிவம், குறைத்த திறனைப் போல் இரு மடங்குக்கு மேல் திறன் கொண்டிருக்கக் கூடாது. எனவே 70 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பெரிய வண்டி ஒன்றை 35 கிலோவாட்டுக்கு அடக்கி இவ்வகையில் ஓட்ட முடியாது. கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் புதியவர் கையில் என்ன வண்டி இருக்கும் என்பதையும் சட்டம் கணக்கில் கொள்ளத் தொடங்கியதை இந்த நிபந்தனை காட்டுகிறது.

ஆஸ்திரேலியா: ஓட்டுநரையும் சேர்த்து எடை போடுதல்

ஆஸ்திரேலிய மாநிலங்களிலும் நியூசிலாந்திலும் 250 சிசியை ஒட்டிய வரம்புகளே நெடுங்காலம் பழக்கத்தில் இருந்தன. அவற்றால் இரண்டு சிக்கல்கள் எழுந்தன. உயரமும் எடையும் கூடியவர்களுக்குச் சிறு வண்டி பொருந்தவில்லை. மறுபுறம், சுசூகி ஆர்ஜிவி 250 போன்ற டூ ஸ்ட்ரோக் பந்தய மாதிரிகள் 250 சிசிக்குள் இருந்துகொண்டே 40 கிலோவாட்டுக்கு மேல் திறன் தந்தன. அவற்றின் உலர் எடை 140 கிலோவை ஒட்டியது. அடக்கமான 500 சிசி வண்டிக்குத் தடை, சீறிப் பாயும் 250 சிசி வண்டிக்கு அனுமதி என்ற முரண்பாடு இதில் உண்டு.

2000களில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் புதிய முறைக்கு மாறின. விக்டோரியா மாநிலம் 2008இலும் நியூசிலாந்து 2012 அக்டோபரிலும் மாறின. இம்முறையில் கொள்ளளவு 660 சிசியைத் தாண்டக் கூடாது. திறன்–எடை விகிதம் டன்னுக்கு 150 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. ஆஸ்திரேலியக் கணக்கில் வண்டியின் எடையோடு ஓட்டுநருக்கும் அவரது உடுப்புக்குமாக 90 கிலோ சேர்க்கப்படுகிறது. ஐரோப்பியக் கணக்கில் ஓட்டுநர் எடை சேர்வதில்லை. ஆகவே ஐரோப்பாவின் 0.2 என்ற எண்ணையும் ஆஸ்திரேலியாவின் 150 என்ற எண்ணையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

சுசூகி ஆர்ஜிவி 250, அப்ரிலியா ஆர்எஸ் 250 போன்றவை சிசி வரம்புக்குள் இருந்தும் அனுமதிப் பட்டியலிலிருந்து பெயர் சொல்லி விலக்கப்பட்டன. அமைதியான 500, 650 சிசி வண்டிகள் உள்ளே வந்தன. புதிய எண்ணுக்கும் உற்பத்தியாளர்கள் தங்கள் வண்டிகளைப் பொருத்திக்கொண்டார்கள். பிற நாடுகளில் 689 சிசியாக விற்கப்படும் யமஹா எம்டி-07, இச்சந்தைகளுக்காக 655 சிசி எஞ்சினுடன் தயாரிக்கப்பட்டது.

ஓசூரும் சென்னையும்

இந்த வெளிநாட்டு வரம்புகளுக்குள் பொருந்தும் வண்டிகள் சில இன்று தமிழ்நாட்டில் தயாராகின்றன. ஓசூரில் டிவிஎஸ் நிறுவனம் பிஎம்டபிள்யூவுக்காகத் தயாரித்த ஜி 310 ஆர், 25 கிலோவாட் திறனும் 158.5 கிலோ எடையும் கொண்டது. விகிதம் 0.158. இது ஏ2 வரம்புக்குள் எளிதாக அடங்குகிறது. அதற்கு முந்தைய 25 கிலோவாட், 0.16 என்ற வரம்புகளுக்குள்ளும் அடங்குகிறது.

2018இல் அறிமுகமான ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 சென்னையை அடுத்த தொழிற்சாலையில் உருவாகிறது. அதன் கொள்ளளவு 648 சிசி, திறன் சுமார் 35 கிலோவாட், எடை 202 கிலோ. ஐரோப்பியக் கணக்கில் விகிதம் 0.173. ஆஸ்திரேலியக் கணக்கில் 90 கிலோ சேர்த்தால் டன்னுக்குச் சுமார் 120 கிலோவாட். இரண்டு வரம்புகளுக்குள்ளும் அது நிற்கிறது. பழகுநர்களுக்காக 1960களில் 250 சிசி வண்டி செய்த பெயர், அரை நூற்றாண்டுக்குப் பின் புதிய வரம்புகளுக்குள் வேறொரு வண்டியோடு வந்து நிற்கிறது.

இந்தியச் சட்டத்தில் இத்தகைய படிநிலை இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 16 வயது நிரம்பியவர் 50 சிசிக்கு மிகாத மோட்டார் சைக்கிளை ஓட்டலாம் என்கிறது. ஓசூரிலிருந்து 1980இல் வந்த டிவிஎஸ் 50 போன்ற மொபெட்கள் ஓடிய காலத்துக்கு அது பொருந்தியது. 18 வயதுக்குப் பின் கியர் இல்லாத வண்டி, கியர் உள்ள வண்டி என்ற இரண்டே பிரிவுகள். கியர் வண்டிக்கான உரிமம் பெற்றவர் 100 சிசி வண்டியில் தேர்வு முடித்து, மறுநாளே 1000 சிசி வண்டியை ஓட்டலாம். நாட்டில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை 100 முதல் 125 சிசி வரையிலானவை என்பதால் இந்த இடைவெளி நெடுங்காலம் கண்ணில் படவில்லை. எதில் தொடங்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பு இங்கே வாங்குபவரிடமும் அவரது குடும்பத்திடமும் விடப்பட்டுள்ளது.

விகிதம் சொல்லாதவை

திறன்–எடை விகிதம் முடுக்கத்தைப் பற்றிய எண். வண்டி எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கும் என்பதை அது நன்றாகவே காட்டுகிறது. உச்ச வேகத்தை எடையைவிடத் திறனும் காற்றுத் தடையுமே தீர்மானிக்கின்றன. திறன் எப்படி வெளிப்படுகிறது என்பதையும் விகிதம் சொல்வதில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தைத் தாண்டியதும் திறன் திடீரென்று எழும். புதியவருக்கு அது எதிர்பாராத அதிர்ச்சி. அதே விகிதம் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் அது படிப்படியாக வரும்.

நிறுத்தும் ஆற்றலும் இந்த எண்ணில் இல்லை. 1980களில் இந்தியாவில் விற்பனையான ராஜ்தூத் 350, ஜப்பானிய யமஹா ஆர்டி 350ஐ அடிப்படையாகக் கொண்டது. மூல வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது; இந்திய வண்டியில் டிரம் பிரேக் பொருத்தப்பட்டது. கிளம்பும் வேகத்தைக் காட்டும் விகிதம் இந்த வேறுபாட்டைக் காட்டாது. விகிதத்தைக் குறைக்க எடையைக் கூட்டுவதும் ஒரு வழி. ஆனால் கனமான வண்டியை நிறுத்துவதும், தள்ளுவதும், மெதுவாகத் திருப்புவதும் புதியவருக்குக் கடினம்.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 900 விபத்துகள் நேரில் ஆராயப்பட்டு, 1981இல் அறிக்கை வெளியானது. மோதிய நேரத்தில் வண்டிகளின் இடைநிலை வேகம் மணிக்கு 21.5 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர் மட்டுமே என்று அது கண்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதத்தினர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாதத்துக்கும் குறைவான பழக்கம் கொண்டவர்கள். பொதுவாகச் சாலையில் ஓட்டிய அனுபவமோ அவர்களுக்குச் சராசரியாக மூன்று ஆண்டுகளை ஒட்டியது. கைக்குப் புதிதான வண்டி, பழைய ஓட்டுநரையும் புதியவராக்கிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 35 கிலோமீட்டர் வேகத்தை எந்த 100 சிசி வண்டியும் சில நொடிகளில் எட்டிவிடும். குறைந்த விகிதம் மட்டுமே ஒருவரைக் காத்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

வரம்புகளின் இந்த வரலாறு ஒரு நேர்கோட்டில் செல்கிறது. முதலில் கொள்ளளவு, பிறகு திறன், பிறகு திறனும் எடையும், அதன் பின் மூல வண்டியின் திறன், ஓட்டுநரின் எடை என ஒவ்வொரு விதியும் முந்தைய விதியின் ஓட்டையை அடைக்க எழுந்தது. ஒவ்வொரு எண்ணையும் சந்தை விரைவில் கற்றுக்கொண்டது. சிசியைவிடத் திறன்–எடை விகிதம் நேர்மையான அளவுகோல் என்பதில் ஐயமில்லை. அது வண்டி எவ்வளவு விரைவாக ஓடத் தொடங்கும் என்பதைச் சொல்கிறது. ஓட்டுபவருக்கு அதை எவ்வளவு விரைவாக நிறுத்தத் தெரியும் என்பதைப் பயிற்சியும் பழக்கமும்தான் சொல்ல முடியும்.